ஒளியைப் பதிவு செய்தல்: புனே நகரம் கற்பித்த பாடம்

புனே நகரில் வாழும் தமிழன்பர்களுள் லா காலேஜ் சாலை வழியே ஒரு முறையேனும் செல்லாதவர் அரியர். அச்சாலையிலேதான் இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனம் அமைந்திருக்கிறது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. நாள்தோறும் அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் அவ்வழியே சென்று வரும் நம்மவருட் பலருக்கு அம்மதிலுக்கு உள்ளே என்ன கற்பிக்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. சினிமா என்றால் நடிப்பும் பாட்டும் பணமும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், அல்லது பெண் ஒருத்தி, “நான் ஒளிப்பதிவு படிக்கப் போகிறேன்” என்று சொன்னால், “அதிலே படிக்க என்ன இருக்கிறது?” என்பதே நாம் முதலில் கேட்கும் கேள்வியாகும். அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் இளந்திரைக் கலைஞன் ஓவியத்தையும் நிழற்படத்தையும் குறித்து ஏன் சிந்திக்க வேண்டும்? அச்சிந்தனையால் அவனுக்கும் நமக்கும் விளையும் பயன் யாது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். சொற்களோடு நாள் முழுதும் பழகும் தொழிலுடைய நமக்கு அதுவே எளிய வழி. நாம் ‘படம்’ என்கிறோம். சுவரில் மாட்டியிருப்பதும் படம். கருவியினால் எடுப்பதும் படம். கொட்டகையில் ஓடுவதும் படமே. இச்சொல்லுக்குத் துணி, சீலை என்னும் பொருளும் உண்டு. துணியின் மீது எழுதிய சித்திரத்தைக் குறித்த சொல்லே பின்னர் எல்லாச் சித்திரங்களுக்கும் பொதுவாயிற்று. நம்மைச் சூழ வாழும் மராத்தி மக்களும் திரைப்படத்தைச் ‘சித்ரபட்’ என்றே வழங்குகின்றனர். சித்திரம் தீட்டிய சீலை என்பதே அதன் பொருள். நிழற்படத்தை அவர்கள் ‘சாயாசித்ர’ என்பர். சாயை என்பது நிழல். ஆக, ஓவியம், நிழற்படம், திரைப்படம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தவை என்பதை நம் மொழிகள் முன்னரே அறிந்திருக்கின்றன. ‘ஒளிப்பதிவு’ என்னும் தமிழ்ச் சொல்லோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பதிவு செய்யப்படுவது மனிதரும் மரமும் மலையும் அல்ல, அவற்றின்மீது பட்டு வரும் ஒளியே என்னும் உண்மையை அது ஒரே சொல்லில் உரைத்துவிடுகிறது.

இனி, இக்குடும்ப உறவு புனேயைச் சுற்றியே வளர்ந்த வரலாற்றைக் காண்போம். புனேயிலிருந்து லோனாவாலாவுக்குச் செல்லும் புறநகர் ரயிலில் மளவலி என்னும் சிறு நிலையம் ஒன்று வரும். ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவிய அச்சகம் சில ஆண்டுகளில் அம்மளவலிக்கு இடம் பெயர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் முகத்தின் பாதியைத் துலக்கி, மறுபாதியை நிழலில் ஆழ்த்தும் மேனாட்டு எண்ணெய் வண்ண முறையை நம் புராணக் காட்சிகளுக்குப் பொருத்தியவர் ரவிவர்மா. அஜந்தாவிலும் சித்தன்னவாசலிலும் உள்ள பழைய சுவரோவியங்களில் உருவங்கள் தரையில் நிழல் வீழ்த்துவதில்லை. ஒளி இன்ன திசையினின்று வருகிறது என்று சொல்லவும் இயலாது. தஞ்சாவூர் ஓவியத்திலோ பொன் தகடே ஒளி வீசும். ரவிவர்மாவின் படங்கள் அச்சாகி வீடுதோறும் பரவிய பின்னரே, ‘வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருகிறது’ என்னும் பார்வை சாதாரண மக்களின் கண்களிலும் படிந்தது எனலாம்.

அந்த அச்சகத்திலே படங்களை அச்சுக்கு மாற்றும் பணியைச் செய்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பெற்ற தாதாசாகிப் பால்கே. அவர் பம்பாய்க் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றவர். நிழற்படத் தொழில் நடத்தியவர். அச்சுத் தொழிலும் அறிந்தவர். 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை வெளியிடுவதற்கு முன் அவர் செய்த ஒரு சிறு சோதனை நம் கவனத்துக்குரியது. ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாகும் வளர்ச்சியை இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, அவற்றைத் தொடர்ந்து ஓட்டிக் காட்டினார். நாட்கணக்கில் நிகழ்ந்தது கணப்பொழுதில் கண்முன் நிகழ்ந்தது. தனித்தனியே பார்த்தால் அவை வெறும் நிழற்படங்கள். காலம் என்னும் சரட்டிலே கோத்தபோது அவை திரைப்படமாயின. நிழற்படத்துக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவையும் வேற்றுமையையும் இதனினும் எளிதாக விளக்க முடியுமோ?

கொல்லாப்பூரில் நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதிவந்த பாபுராவ் பெயிண்டர் என்பார் தம் கையாலேயே ஒரு படப்பிடிப்புக் கருவியை அமைத்துத் திரைப்படத் துறையில் இறங்கினார். ‘பெயிண்டர்’ என்னும் தொழிற்பெயரே அவருக்குக் குடும்பப் பெயர் போல் ஆகிவிட்டது. அவரிடம் பயின்ற தாம்லே, பத்தேலால், சாந்தாராம் முதலியோர் 1929-இல் கொல்லாப்பூரில் பிரபாத் நிறுவனத்தைத் தொடங்கி, 1933-இல் புனேக்கு வந்து சேர்ந்தனர். தாம்லேயும் பத்தேலாலும் இணைந்து இயக்கி 1936-இல் வெளியான ‘சந்த் துக்காராம்’ மறு ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவிலே சிறப்புப் பெற்றது. புனேக்கு அருகிலுள்ள தேஹு என்னும் ஊரிலே வாழ்ந்த அடியாரின் கதை, ஓவியப் பயிற்சி பெற்ற கைகளால் திரையில் தீட்டப்பட்டு உலகத்தின் முன் வைக்கப்பட்டது. பிரபாத் நிறுவனம் ஐம்பதுகளில் ஓய்ந்தது. 1949-இல் அமைக்கப்பெற்று 1951-இல் அறிக்கை அளித்த திரைப்பட விசாரணைக் குழு, இக்கலைக்கு ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அதன் பயனாக 1960-இல் மத்திய அரசு நிறுவிய திரைப்படக் கல்விக்கூடம் அந்தப் பிரபாத் வளாகத்திலேயே குடிபுகுந்தது. இன்று நாம் கடந்து செல்லும் மதிலுக்கு உள்ளே இருப்பது அதுவே.

தமிழருக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழமையானது. தென்னாட்டின் முதல் ஊமைப்படம் எனக் கருதப்படும் ‘கீசக வதம்’ என்னும் படத்தைச் சென்னையில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், படப்பிடிப்புக் கருவியைக் கையாளும் முறையைப் புனேயில்தான் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொண்டார். மோட்டார் உதிரிப்பாக வணிகம் செய்துவந்த ஒரு தமிழர், நூறாண்டுகளுக்கு முன்னரே, இத்தொழிலைக் கற்க இந்நகருக்கு வந்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வந்த மற்றொரு தமிழரே பாலு மகேந்திரா. இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் அவர். பள்ளிப் பருவத்திலே, ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பை இலங்கையில் நேரிற் கண்டதாகவும், இயக்குநர் டேவிட் லீன் மழை வேண்டும் என்று குரல் கொடுத்ததும் மழை பொழியக் கண்டு வியந்ததாகவும், அன்றே தாமும் இயக்குநராவது என்று உறுதி பூண்டதாகவும் அவர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். புனேயில் ஒளிப்பதிவு பயின்று 1969-இல் தங்கப்பதக்கத்துடன் வெளிவந்தார். மழையை வரவழைக்கும் வல்லமையைக் கண்டு மயங்கிய சிறுவன், புனேயிலிருந்து திரும்பியபோது கற்றுக்கொண்டு வந்தது முற்றிலும் வேறான ஒரு பாடம். இயற்கைக்கு ஆணையிடுவதைக் காட்டிலும், அதன் ஒளி எங்கிருந்து வருகிறது, எதன்மீது படுகிறது, எவ்வாறு தேய்கிறது என்று பொறுமையோடு பார்ப்பதே பெரிது என்பதுதான் அப்பாடம்.

அப்பாடத்தின் தொழில்நுட்பத்தைச் சிறிது விளக்குவோம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் எடுக்கப்படுகின்றன. சாதாரண முறையில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்ச நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு. நிழற்படக் கலைஞன் வெளிச்சம் குறைந்தால் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். திரைப்பட ஒளிப்பதிவாளனுக்கு அவ்வசதி பெரும்பாலும் இல்லை. ஆகவே அவன் லென்ஸின் துளையைப் பெரிதாக்கியோ, விளக்கைக் கூட்டியோ, நுண்ணுணர்வு மிக்க படச்சுருளைக் கொண்டோதான் சமாளிக்க வேண்டும். லென்ஸின் துளையை ஒரு படி குறைத்தால் உட்புகும் ஒளி பாதியாகக் குறையும். இரு படி குறைத்தால் நாலில் ஒன்றாகும். மேலும், நம் கண் எல்லா வெளிச்சத்தையும் வெண்மையென்றே ஏற்றுக்கொள்ளப் பழகியது; கருவியோ அவ்வாறன்று. பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் சுமார் 5,600 கெல்வின். படப்பிடிப்புக்குரிய இழை விளக்கினுடையது 3,200 கெல்வின். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் ஒரே அறையில் கலந்தால், ஒன்று நீலமாகவும் மற்றொன்று செம்மஞ்சளாகவும் பதிவாகும். நாம் காணத் தவறுவதையெல்லாம் கருவி கண்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பழைய படப்பிடிப்பு நிலையங்களில் இச்சிக்கலைத் தீர்க்க எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடுமையான விளக்குகளைப் போட்டு வந்தனர். ஏழையின் குடிசையும் அரண்மனை போல் ஒளிர்ந்தது. ஒருவருக்கு மூன்று நான்கு நிழல்கள் சுவரில் விழுந்தன. இதை மாற்றிய முன்னோடி வங்காளத்துச் சுப்ரத மித்ரா ஆவார். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் ஒளிப்பதிவாளராகும் வரையில் அவர் நிழற்படக் கருவியை மட்டுமே கையாண்டிருந்த இளைஞர். 1956-இல் வெளியான ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி நகர வீட்டின் முற்றம் ஒன்றைப் படப்பிடிப்பு நிலையத்துக்குள்ளே அமைக்க நேர்ந்தது. வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற மெல்லொளியை அங்கே எப்படிக் கொணர்வது? அவர் முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின்மீது பாய்ச்சினார். துணியிற் பட்டுத் திரும்பிய ஒளி வானத்து ஒளியாயிற்று. படம் என்றால் துணி என்று முன்னர்க் கண்டோமன்றோ? இங்கே துணியே வானமும் ஆயிற்று. ராயோ சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றவர். விளம்பர ஓவியராகப் பணியாற்றியவர். காட்சிகளைத் தூரிகையால் வரைந்து பார்த்த பின்னரே படமாக்கியவர். ஓவியன் ஒருவனும் நிழற்படக்காரன் ஒருவனும் கைகோத்ததாலேயே இந்தியத் திரைப்படத்தில் ஒரு புதிய யுகம் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

இந்த மரபைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் பாலு மகேந்திரா. மலையாளத்தில் ராமு காரியாட்டின் ‘நெல்லு’ (1974), தமிழில் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) ஆகியவற்றுக்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். தாமே இயக்கிய கன்னடப் படமான ‘கோகிலா’வுக்கும், ‘மூன்றாம் பிறை’க்கும் (1982) சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார். அவர் படங்களில் ஜன்னல் இருந்தால் ஒளி அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். காலை காலையாகவும் அந்தி அந்தியாகவும் இருக்கும். 1988-இல் வெளியான ‘வீடு’, சொந்த வீடு ஒன்று கட்ட முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை. அவ்வளவுதான் கதை. எனினும் செங்கல்லின் மீதும், பூசப்படாத சுவரின் மீதும், முதியவரின் முகத்தின் மீதும் விழும் வெயிலே அதில் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இங்கே அழகை மட்டுமன்றி நீதியையும் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மேனாட்டு வண்ணப் படச்சுருள்கள் நெடுங்காலம் வெள்ளை நிறத்தவரின் மேனியையே அளவுகோலாகக் கொண்டு தயாரிக்கப்பட்டன. படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரிப் படமும் ஒரு வெள்ளைப் பெண்ணின் படமே. கருநிற முகங்கள் அச்சுருள்களில் விவரமிழந்து மங்கின. இக்குறையை ஒளியமைப்பால் ஈடு செய்வதற்கு மாறாக, முகத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி மறைப்பதே நம் படவுலகின் வழக்கமாயிற்று. அதன் விளைவாக, நம் பெண்களுட் பெரும்பாலோர் திரையில் தம் நிறத்தவரைக் கதைத் தலைவியாகக் காணவே இயலவில்லை. ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் மாநிற முகத்தைப் பூச்சின்றி, பகல் வெளிச்சத்தில், அதன் இயல்பான ஒளியோடு காட்டினார் பாலு மகேந்திரா. அப்படத்துக்கு அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். வேற்று மாநிலத்தில் வளரும் நம் பெண் குழந்தைகள் தம் நிறம் குறித்துப் பள்ளியிலும் தெருவிலும் கேட்க நேரும் சொற்களை நாம் அறிவோம். ஒளியை எவ்வாறு வைப்பது என்பது வெறுந்தொழிற் கேள்வியன்று. யாரைக் காணத்தக்கவராகக் கருதுகிறோம் என்னும் கேள்வியும் அதற்குள்ளே அடங்கியிருக்கிறது.

இப்பாடம் இன்றும் தொடர்கிறது. அதே கல்விக்கூடத்தில் பயின்ற பாயல் கபாடியா என்னும் இளம் இயக்குநர், கேரளத்திலிருந்து மும்பைக்கு வந்து செவிலியராகப் பணிபுரியும் பெண்களின் வாழ்வை மலையாளம், இந்தி, மராத்தி மொழிகள் கலந்து ஒலிக்கும் ஒரு படமாக்கினார். அப்படம் 2024-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ என்னும் உயர்ந்த விருதைப் பெற்றது. பிறந்த ஊரை விட்டு வந்தவரின் தனிமையை மாநகரத்து இரவு வெளிச்சத்தைக் கொண்டே அப்படம் உணர்த்துகிறது. ரயிலிலும் விடுதியறையிலும் நாமும் கண்டு பழகிய வெளிச்சந்தான் அது. ஆயின் நாம் அதை நின்று பார்த்ததில்லை.

நின்று பார்த்தவர் பதிவு செய்துவிட்டால் மட்டும் போதுமா? அப்பதிவு நிலைக்க வேண்டுமே! இங்கேதான் நம் குறை பெரிதாகத் தென்படுகிறது. புனேயில் பயின்று நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று எங்கும் இல்லை. 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படமும் இல்லை. பழைய படச்சுருள்கள் நைட்ரேட்டினால் ஆனவை, எளிதில் தீப்பற்றக்கூடியவை. பின்னர் வந்த அசிடேட் சுருள்கள் அவ்வளவு எளிதில் தீப்பற்றா. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்கிப்போகும். 1964-இல் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்த பி. கே. நாயர், ஊர் ஊராக அலைந்து பழஞ்சுருள்களைச் சேகரித்தார். பால்கேயின் படங்களிலிருந்து நமக்கு எஞ்சியிருப்பதும், நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஊமைப்படம் பிழைத்திருப்பதும் அவர் முயற்சியாலேயே. எனினும் 2003 ஜனவரியில் புனேயில் நிகழ்ந்த தீ விபத்திலே பழைய நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின. அவ்வளவு தொலைவு போவானேன்? ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற தம் படங்களின் மூலச்சுருள்களே பழுதடைந்து போயின என்று பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருந்தினார். தமிழ்நாட்டுக்கென ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வந்தார். 2014 பிப்ரவரி 13-ஆம் நாள் அவர் மறைந்தார். பாலா, வெற்றிமாறன் முதலிய அவர் மாணாக்கர் அவர் கற்பித்த பார்வையைப் பேணி வருகின்றனர். பார்வை மாணாக்கர் வழியே வாழும். படச்சுருள் அவ்வாறு வாழாது. அதற்குக் குளிர்ந்த அறையும், உலர்ந்த காற்றும், கவலைப்படும் மனிதரும் வேண்டும்.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இனி விடை கூறலாம். ஒளிப்பதிவு படிக்கும் மாணவன் ஓவியத்திலிருந்து ஒளியின் திசையைக் கற்கிறான். நிழற்படத்திலிருந்து ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்கிறான். திரைப்படத்திலிருந்து அக்கணங்களைக் காலத்திலே கோக்கக் கற்கிறான். இம்மூன்றும் சேர்ந்து அவனுக்கு மனிதரைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தை அளிக்கின்றன. அது மருத்துவனுக்கும் ஆசிரியனுக்கும் ஒப்பான படிப்பேயன்றி வீண் பொழுதுபோக்கன்று.

நம்மால் செய்யக்கூடியவையும் சில உண்டு. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குச் சென்று, ‘இந்த ஓவியத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். காப்பகத்தில் பழைய படம் திரையிடப்பெறும் செய்தி கிடைத்தால் தவறாமற் செல்லலாம். ஊரிலிருந்து கொண்டுவந்து பெட்டியின் அடியில் இட்டிருக்கும் குடும்பப் படங்களை எடுத்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதில் உள்ளோர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வைக்கலாம். பாட்டியின் பெயரை அறிந்தவர் வீட்டில் இன்னும் ஒருவரேனும் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நன்று.